கையொப்பமிட முதல் நாலு போனில் திறந்து பாருங்கள்

வட மாகாணத்தின் திணைக்களங்களிலும் பிரதேச செயலகங்களிலும் உள்ளூராட்சி மன்றங்களிலும் இணையத்தளங்களுக்கு விலை கோரி, பெறுகைக் குழுக்களில் இருந்து ஆளைத் தெரிவுசெய்து, கடைசியில் "வேலை திருப்தியாக முடிந்தது" என்று ஒப்பமிடும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். அடுத்த முறை ஓர் இணையத்தளத்தைப் பொறுப்பேற்கும்போது, இறுதிக் கொடுப்பனவுக்குக் கையொப்பமிட முதல், எங்கள் சனம் கையில் வைத்திருக்கும் போன்களில் அதைத் தமிழில் திறந்து, ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து பற்றுச்சீட்டு வரும்வரை நிரப்பிப் பாருங்கள். அப்படிப் பார்க்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதுங்கள். இந்த மடலின் மிச்சம் முழுவதும் அதை ஏன் கேட்கிறேன் என்பதுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனையாளராக வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதிய பக்கங்களை எந்தெந்த வழியில் பழுதாக்கலாம் என்று தேடிப் பார்ப்பது என் தொழில். எங்களுடைய வாடிக்கையாளர்கள் அனேகமாக வெளிநாட்டவர்கள். அவர்களுடைய கடைப் பக்கத்தில் ஒரு பொத்தான் பயர்பொக்ஸ் என்ற உலாவியில் கொஞ்சம் விலகி நின்றாலும் அந்தப் பதிப்பு வெளியே போகாது. பழைய ஐபோன், புதிய ஐபோன், மலிவான அன்ட்ரொயிட், பெரிய திரை, சின்னத் திரை என்று ஒவ்வொன்றிலும் பார்த்து, பிழையைப் படம் பிடித்து, திருத்தி, திரும்பப் பார்த்த பிறகுதான் விடுவோம். ஒப்பந்தத்தில் எந்த உலாவி, எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கும். எழுதியிருப்பதால் செய்கிறோம்.

இதே ஊரில், எங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் உங்களுக்கும் பக்கம் செய்து தருகிறார்கள். அவர்களுக்கும் இந்தச் சோதனை தெரியும். ஆனால் நீங்கள் வெளியிடும் விலைக்கோரலில் அது இருப்பதில்லை. பக்கங்களின் எண்ணிக்கை இருக்கும், மூன்று மொழி என்று இருக்கும், முகப்பில் ஓடும் படங்கள் எத்தனை என்றும் இருக்கும். குறைந்த விலைக்கு வேலை போகும்போது, கேட்காத ஒன்றுக்காக யாரும் ஒரு கிழமை கூடுதலாக மினக்கெட மாட்டார்கள். அதனால் பக்கம் செய்பவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

பொறுப்பேற்பு எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். மண்டபத்தில் புரொஜெக்டர். பக்கம் செய்த பிள்ளையின் மடிக்கணினி. அதில் புதிய குறோம். முகப்பு வந்தது, படங்கள் ஓடின, ஆங்கிலப் படிவம் ஒன்று நிரப்பிக் காட்டப்பட்டது, "தமிழிலும் இப்படித்தான்" என்று ஒரு தடவை சொடுக்கிக் காட்டினார்கள். எல்லோருக்கும் திருப்தி. அந்தப் பக்கம் எழுதப்பட்டதும் அந்த மடிக்கணினியில்தான், பார்க்கப்பட்டதும் அந்த மடிக்கணினியில்தான். சனத்தில் ஒருவரிடமும் அந்த மடிக்கணினி இல்லை.

ஒரே பக்கம் ஏன் இரண்டு போனில் இரண்டு விதமாக நடக்கிறது என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். இணையப் பக்கம் படமாக அனுப்பப்படுவதில்லை. எழுத்தும், அதன் தோற்றமும், பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதும் கட்டளைகளாக வந்து சேர, அவற்றை வாசித்துத் திரையில் வரைவது உலாவிக்குள் இருக்கும் இயந்திரம். இன்று பெரும்பாலும் மூன்று இயந்திரங்கள்தான் உலகத்தில் ஓடுகின்றன: கூகுளின் பிளிங்க், மொசில்லாவின் கெக்கோ, அப்பிளின் வெப்கிற். குறோம், ஒப்பேரா, சம்சுங் போனோடு வரும் உலாவி எல்லாம் பிளிங்க். மைக்ரோசொப்ட் எட்ஜும் 2020 ஜனவரியிலிருந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. பயர்பொக்ஸ் கெக்கோவில் ஓடுகிறது. சஃபாரி வெப்கிற்றில் ஓடுகிறது. மூன்றும் ஒரே தரவிதிகளைப் பின்பற்றப் பார்க்கின்றன. ஆனாலும் ஒரு புதிய வசதி மூன்றிலும் ஒரே நாளில் வருவதில்லை. சில வேளை ஐந்தாறு வருட இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள்தான் எங்கள் சனம் அகப்படுகிறது.

"எல்லாரிடமும் குறோம் இருக்கிறதே, அதில் சரியாக வந்தால் போதாதா?" இது கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி. போதாது. ஐபோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் குறோமைத் தரவிறக்கிப் போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிற்தான். அப்பிள் இங்கே வேறு இயந்திரத்தை அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் 2024 இல் அங்கே ஒரு வழி திறந்தது, எங்களுக்கு அது இல்லை. அடுத்தது, சஃபாரி தனியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. போனின் இயங்குதளத்தோடு சேர்ந்துதான் ஐபோனில் அது வளரும். போன் எந்தப் பதிப்பில் நின்றுவிட்டதோ, உலாவியும் அங்கேயே நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்தில் ஐபோன் எப்படி வருகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கும் பிள்ளை புதியது வாங்கும்போது பழையது அம்மாவுக்கு வரும். திருவிழாவுக்கு வரும் சித்தப்பாவின் பையில் இரண்டு மூன்று கிடக்கும். 2016 இல் வெளிவந்த ஐபோன் 7 இன்னும் எத்தனையோ வீடுகளில் நல்ல நிலையில் இருக்கிறது. படம் எடுக்கிறது, வீடியோ அழைப்பு வருகிறது, பற்றரி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதன் இயங்குதளம் ஐஓஎஸ் 15 உடன் நின்றுவிட்டது.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். பக்கங்களை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ற்றில், ஒரு எழுத்துக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று திரும்பிப் பார்த்துத் தேடும் ஒரு வசதி உண்டு. அடையாள அட்டை இலக்கத்தையோ தொலைபேசி இலக்கத்தையோ சரிபார்க்கப் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். குறோமில் அது 2017 இலேயே வந்துவிட்டது. சஃபாரியில் 2023 மார்ச்சில், 16.4 பதிப்பில்தான் வந்தது. ஐபோன் 7 இற்கு அது எக்காலத்திலும் வராது. அந்த வசதியைப் பயன்படுத்தும் ஒரே ஒரு வரி கோப்பில் இருந்தால் போதும். பழைய சஃபாரி அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஓட்டாது. அந்தக் கோப்பு முழுவதையும் தள்ளிவிடும். இந்தக் காலத்துப் பக்கங்கள் பல முழுக்க முழுக்க ஜாவாஸ்கிரிப்ற்றாலேயே வரையப்படுவதால், பார்ப்பவருக்கு வெள்ளைத் திரைதான் மிஞ்சும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. பிள்ளை அனுப்பிய போன் பழுதாகிவிட்டது என்று அம்மா நினைப்பார்.

என் பெரியம்மா நெடுந்தீவில் இருக்கிறார். ஓர் அலுவலகத்தின் பக்கத்தில் ஒரு பத்திரத்தின் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அவருடைய போனில் பக்கம் திறந்தது, பெட்டிகள் வந்தன, எல்லாவற்றையும் நிரப்பினார், கடைசிப் பொத்தான் அசையவில்லை. அவர் காலைப் படகில் குறிகாட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து ரவுணுக்கு வந்து, அலுவலகத்தில் காத்திருந்து, பின்னேரப் படகுக்கு ஓடினார். காரணம் எனக்குப் பிறகு தெரிந்தது. திகதியையும் நேரத்தையும் நடுவில் ஒரு வெற்றிடம் விட்டு எழுதியிருந்தார்கள். குறோம் அதை ஏற்றுக்கொள்ளும். பழைய சஃபாரி அது ஒரு திகதியே இல்லை என்று சொல்லிவிடும். பக்கம் செய்தவர் ஒரு பழைய ஐபோனில் ஒரு முறை திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். பெரியம்மாவுக்கு அது ஒரு முழு நாள்.

அன்ட்ரொயிட் போன்களின் கதை வேறு. அங்கே குறோம் இயங்குதளத்திலிருந்து பிரிந்து தனியாகப் புதுப்பிக்கப்படுவதால் நிலைமை கொஞ்சம் நல்லது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2023 இன் இறுதியோடு அன்ட்ரொயிட் 7 உள்ள போன்களுக்குக் குறோமின் புதிய பதிப்புகள் நின்றுவிட்டன. 2022 நெருக்கடிக்குப் பிறகு போன் விலை ஏறிய ஏற்றத்தில், கண்ணாடி வெடித்த போனையும் ஒட்டி வைத்துக்கொண்டு பாவிக்கும் வீடுகள் ஏராளம். அதே 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லாம் இணையத்தில் பதிய வேண்டி வந்தது. அன்றைக்குப் போனில் படிவம் நிரப்பத் தொடங்கிய பலர் இன்று உங்கள் பக்கங்களுக்கும் வருகிறார்கள். பெரும்பாலும் அதே போனோடு.

தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அது பிழைத்தால் பக்கம் திறக்கவே திறக்காது. லெற்ஸ் என்கிறிப்ற் என்ற அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் தருவதால் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான தளங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. அது சார்ந்திருந்த ஒரு பழைய மூலச்சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக நிற்பது) 2021 செப்ரெம்பர் 30 ஆம் திகதி காலாவதியானது. 7.1.1 இற்கு முந்திய அன்ட்ரொயிட் போன்களுக்காகச் செய்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 இல் முடிந்துவிட்டது. அப்படியான போனில் அந்தச் சான்றிதழ் உள்ள தளத்தைக் குறோமில் திறந்தால் "இந்த இணைப்புப் பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கை வரலாம். அதே போனில் பயர்பொக்ஸ் இருந்தால், அது தன் மூலச்சான்றிதழ்களைத் தானே கொண்டு வருவதால், பக்கம் திறக்கும். இது தெரிந்த அலுவலகம் தன் அறிவித்தலில் ஒரு வரி எழுதி உதவலாம். தெரியாத அலுவலகத்தின் பக்கத்தைச் சனம் கள்ளப் பக்கம் என்று நினைத்து மூடிவிடும்.

இனித் தமிழுக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் எல்லாவற்றிலும் மேலாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறேன். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 16 ஆம் திருத்தம் 1988 இலேயே சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தின் பிரதியாக இருக்க முடியாது. அதுதான் உங்கள் அலுவலகத்தின் முதற்பக்கம். சோதனையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ஓடும் படிவம் தமிழில் ஓடும் என்று எண்ண வேண்டாம். "யாழ்ப்பாணம்" என்ற சொல் எங்கள் கணக்கில் ஆறு எழுத்து. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோட்டின் கணக்கில் அது பதினொன்று, ஏனென்றால் அரவு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம். கோப்பில் சேமிக்கும்போது அதுவே 33 பைற் ஆகிவிடும். ஒரு பெட்டியில் 20 எழுத்துக்கு மேல் எழுத முடியாது என்று ஆங்கிலத்தை மனதில் வைத்து எல்லை போட்டால், சிவபாக்கியலட்சுமி என்ற பெயருக்கே 17 போய்விடும். தகப்பன் பெயருக்கு இடமில்லை. எங்கள் பெயர்கள் நீளமானவை, தகப்பன் பெயரோடு சேர்ந்தவை. அதைச் சோதித்துப் பார்ப்பவர் இந்த ஊர்ப் பெயர்களைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

"பெயரில் எழுத்துகள் மட்டும் இருக்கலாம்" என்று ஒரு விதி பல படிவங்களில் உண்டு. யூனிகோட் அட்டவணையில் க, ச, ட எல்லாம் எழுத்து என்ற வகைக்குள் வரும். புள்ளியும் அரவும் விசிறியும் கொம்பும் குறி என்ற வேறு வகைக்குள் வரும். விதியை எழுதியவர் எழுத்தை மட்டும் அனுமதித்து, குறியை மறந்துவிட்டால், தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலானவை பிழை என்று திருப்பி அனுப்பப்படும். "கமல" என்று எழுதினால் ஏற்கும். "கமலா" என்றால் ஏற்காது. தன்னுடைய பெயரைத் தன்னுடைய மொழியில் எழுதிய ஒருவருக்கு "செல்லாத பெயர்" என்று சிவப்பில் காட்டுவது எனக்கு மிகவும் வருத்தமான விசயம். ஒரு தமிழ்ப் பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. "கொ" என்ற எழுத்தை யூனிகோட்டில் இரண்டு வழியில் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்க்கலாம், அல்லது கொம்பையும் அரவையும் தனித்தனியே அடுத்தடுத்துப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு, யாராவது அவற்றை ஒன்றாக்கிவிடாவிட்டால். ஒருவர் கணினியில் ஒரு விசைப்பலகையால் "கொக்குவில்" என்று பதிந்து வைக்க, இன்னொருவர் போனில் இன்னொரு விசைப்பலகையால் "கொக்குவில்" என்று தேடினால், பதிவு இல்லை என்று வரலாம். இதை ஒருமைப்படுத்தும் முறை நெடுங்காலமாக இருக்கிறது, செய்வதும் இலகு. "ஸ்ரீ" இன்னும் சிக்கல். அதை எழுதவும் இரண்டு வழி உண்டு, அந்த இரண்டையும் மேலே சொன்ன முறை ஒன்றாக்காது. எங்கள் ஊரில் சிலர் "சிறீ" என்றும் எழுதுவார்கள். ஸ்ரீயில் தொடங்கும் பெயர் உள்ளவர்கள் இங்கே குறைவா?

போனில் தட்டுவதிலும் வித்தியாசம் இருக்கிறது. கணினி விசைப்பலகையில் எந்த விசை அழுத்தப்பட்டது என்று பக்கத்துக்கு ஓர் எண் போகும். அன்ட்ரொயிட் போன்களின் திரை விசைப்பலகை எதை அழுத்தினாலும் அனேகமாக 229 என்ற ஒரே எண்ணையே அனுப்பும். இலக்கம் மட்டும் தட்ட வேண்டும், எழுத்து மட்டும் தட்ட வேண்டும் என்று அந்த எண்ணைப் பார்த்துத் தடுக்கும் படிவங்கள் மடிக்கணினியில் அழகாக வேலை செய்யும். போனில் ஒன்றில் எல்லாவற்றையும் விடும், அல்லது ஒன்றையும் விடாது. குறோமில் போன் அளவுக்குத் திரையைச் சுருக்கிக் காட்டும் வசதி இருக்கிறது, பக்கம் செய்பவர்கள் அதைத்தான் உங்களுக்குக் காட்டுவார்கள். அது அளவையும் தொடுகை போன்ற சிலவற்றையும்தான் மாற்றிக் காட்டுகிறது. விசைப்பலகையும் இயந்திரமும் மடிக்கணினியுடையவை. அதை போனில் பார்த்ததாகக் கணக்கெடுக்க வேண்டாம்.

தோற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் தமிழ் சங்கம், அன்ட்ரொயிட்டில் நோட்டோ என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு. உயரமும் அகலமும் ஒன்றல்ல. வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து வைத்தால் "கூ"வின் கீழ்ச் சுழியும் "டி"யின் மேல் விசிறியும் வெட்டுப்படும். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல்லோடு முடிந்த பொத்தான் தமிழில் "விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்" என்று நீண்டு, சின்னத் திரையின் ஓரத்துக்கு வெளியே போய்விடும். அழுத்த முடியாத பொத்தான் இருந்தும் பயனில்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய சுற்றறிக்கைகளையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றைப் பிடிஎஃப் ஆக ஏற்றினால் பார்க்கத் தமிழாக இருக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். எந்த உலாவியிலும் தமிழில் தேடினால் அகப்படாது, பிரதி எடுத்தால் குப்பையாக வரும். பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் அதை வாசித்தால் ஒரு சொல்லும் விளங்காது.

பாமினி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. யூனிகோட் பரவலாக வர முதல், 1990களின் இறுதியில், தமிழ்ப் பக்கம் செய்தவர்கள் இன்ரநெற் எக்ஸ்புளோரருக்கு ஒரு எழுத்துருக் கோப்பும் நெற்ஸ்கேப்புக்கு வேறொரு எழுத்துருக் கோப்பும் தனித்தனியே செய்து ஏற்றினார்கள். ஒரு உலாவிக்குச் செய்தது மற்றதில் தெரியாது. ஊரிலிருந்து வரும் செய்தியை எந்த உலாவியில் இருந்தாலும் எங்கள் ஆட்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காக, சம்பளம் இல்லாமல், இராத்திரி இருந்து அதைச் செய்தவர்கள் இருந்தார்கள். கருவிகள் மோசமாக இருந்த காலத்தில் அவர்கள் அவ்வளவு அக்கறை எடுத்தார்கள். இன்றைக்குக் கருவிகள் எல்லாம் கைக்குள் இருக்கின்றன. மைக்ரோசொப்ட் 2020 இல் வெளியிட்ட பிளேறைற் மூன்று இயந்திரங்களிலும் ஒரே சோதனையைத் தானாக ஓட்டும், அது இலவசம். 2004 இல் தொடங்கிய செலெனியமும் இலவசம். மும்பையில் 2011 இல் தொடங்கிய பிறவுசர்ஸ்ராக் தூரத்தில் இருக்கும் உண்மையான போன்களை வாடகைக்குத் தருகிறது. ஆனால் தமிழ் விசைப்பலகையும் எங்கள் தீவுகளின் மெதுவான இணைப்பும் இவற்றில் சரியாகச் சோதிபடாது. கையில் போன் வேண்டும். ரவுணில் போன் திருத்தும் கடைகளில் பழைய போன்களை மலிவாக எடுக்கலாம். ஒரு திணைக்களம் வாங்கி வைத்தால் மாகாணம் முழுவதும் மாறி மாறிப் பாவிக்கலாம்.

இன்னொரு இடம் அனேகமாக எல்லோரும் மறப்பது. உங்கள் அறிவித்தல்களின் இணைப்பை நீங்கள் முகநூலில் போடுகிறீர்கள். சனம் அங்கேயே அதைத் தொடும்போது குறோம் திறப்பதில்லை, முகநூல் செயலிக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன உலாவி திறக்கும். படிவத்தைத் தரவிறக்குவதும், அடையாள அட்டையின் படத்தை ஏற்றுவதும் அதற்குள் பல தடவை தவறிப்போகும். ஆகவே அந்த வழியாலும் வந்து பாருங்கள். "வெளி உலாவியில் திறக்கவும்" என்று பக்கத்தின் மேலேயே தமிழில் ஒரு வரி இருந்தால் பலருக்கு உதவும்.

அதற்காக, "இந்தத் தளம் குறோமில் மட்டும் சரியாகத் தெரியும்" என்ற அறிவித்தலை ஒரு பொது அலுவலகத்தின் பக்கத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டாம். இருபது வருடத்துக்கு முன் இதே வரியில் இன்ரநெற் எக்ஸ்புளோரர் என்று இருந்தது. அதற்கென்றே செய்த தளங்கள் அதோடு கட்டுப்பட்டுக் கிடந்தன. 2022 ஜூன் 15 ஆம் திகதி மைக்ரோசொப்ட் அதற்கான ஆதரவை முடித்தபோது உலகத்தில் எத்தனையோ அலுவலகங்கள் தடுமாறின. தனியார் கடை ஒன்று தன் வாடிக்கையாளரைத் தெரிவுசெய்யலாம். பிரதேச செயலகம் தன் சனத்தைத் தெரிவுசெய்ய முடியாது.

பிரித்தானிய அரசின் சேவைக் கையேடு எந்த எந்த உலாவிகளில் சோதிக்க வேண்டும் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. அதோடு, ஜாவாஸ்கிரிப்ற் ஓடாவிட்டாலும் அடிப்படை வேலை நடக்கும்படி முதலில் கட்டி, வசதிகளை அதற்கு மேல் சேர்க்கச் சொல்கிறது. பெயர், இலக்கம், முகவரி, ஒரு பொத்தான் என்று இருக்கும் எங்கள் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இது முற்றிலும் இயலும். அப்படிக் கட்டிய படிவம் ஐபோன் 7 இலும் திறக்கும், இன்னும் பத்து வருடம் கழித்து வரும் போனிலும் திறக்கும்.

உங்களுக்கு வசதியாக, விலைக்கோரலில் சேர்க்கக்கூடிய ஒரு பந்தியை எழுதித் தருகிறேன். சட்டப் பிரிவினர் திருத்திக்கொள்ளலாம்:

"தளத்தின் ஒவ்வொரு விண்ணப்பமும் தமிழ் மொழியில், ஐஓஎஸ் 15 உள்ள ஐபோன் ஒன்றிலும், தற்போதைய ஐபோன் ஒன்றிலும், ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட விலை குறைந்த அன்ட்ரொயிட் போன் ஒன்றிலும், தற்போதைய அன்ட்ரொயிட் போன் ஒன்றிலும், கணினியில் பயர்பொக்ஸ், எட்ஜ் ஆகிய உலாவிகளிலும், முகநூல் செயலிக்குள் இருந்தும் முழுமையாக நிரப்பிச் சமர்ப்பிக்கப்பட்டு, அப்போது திரையைப் பிடித்த படங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். சோதனையைத் தளத்தை உருவாக்கிய நிறுவனத்தைச் சேராத ஒருவர் செய்ய வேண்டும். இறுதிக் கொடுப்பனவு இதன் பின்னரே வழங்கப்படும். பராமரிப்புக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதே சோதனை மீண்டும் செய்யப்பட வேண்டும்."

கடைசி வரியை வெட்டிவிட வேண்டாம். குறோமும் பயர்பொக்ஸும் சில கிழமைக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகின்றன. போன மாதம் ஓடிய படிவம் இந்த மாதம் ஓடுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். செலவைப் பற்றியும் தயங்க வேண்டாம். இதற்கு விலை கேட்பார்கள், கேட்கட்டும். அதற்குரிய பணத்தை மதிப்பீட்டிலேயே ஒதுக்குங்கள். எல்லோரிடமும் ஒரே நிபந்தனையைக் கேட்டால், நேர்மையாகச் சோதிக்கும் நிறுவனம் விலையில் தோற்றுப்போகாது.

அந்தப் பந்தியின் இரண்டாவது வரியில் சொன்ன வெளி ஆளைத் தேடி நீங்கள் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் தொழினுட்பக் கல்லூரியிலும் கணினி படித்துவிட்டு வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சோதனையாளர்களாக வேலை செய்யும் நாங்களும் இருக்கிறோம். எந்த அலுவலகமாவது தன்னுடைய தமிழ்ப் படிவத்தை இப்படிப் பார்க்க விரும்பினால், ஒரு சனிக்கிழமை முற்பகல் எங்களிடமுள்ள பழைய போன்களோடு நானும் என்னோடு வேலை செய்யும் சிலரும் வருவோம், கட்டணம் இல்லாமல். உங்கள் ஊழியர்கள் பக்கத்தில் இருந்து பழகிக்கொண்டால் அடுத்த முறை நாங்கள் தேவைப்பட மாட்டோம். படிவம் நிரப்ப அந்தந்தப் பகுதியிலிருந்து ஓரிரு வயதானவர்களையும் கூப்பிட்டு வையுங்கள், அவர்கள் தங்கள் சொந்தப் போனோடு வரட்டும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மென்பொருள் சோதனையாளர்